பச்சை இலை போட்ட போத்தல்

அந்த அக்கா என் டிஸ்பென்சரிப் படிகளில் கம்பியைப் பிடிக்காமல் ஏறி வந்தபோது, வரிசையில் இருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். வருடக்கணக்காக எனக்குத் தெரிந்த முழங்கால்கள் அவை. உச்சமுனைத் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து, துறையிலிருந்து என் வாசல்வரை ஆட்டோவில் வந்து, அதற்குப் பிறகும் படிக்குப் படி நின்று மூச்சு வாங்குகிற ஆள் அவர். கருவாடு போடுவதுதான் தொழில். விடியற்காலையிலிருந்து குந்தியிருந்து மீன் வெட்டி, உப்புப் போட்டு, வெயிலில் பரப்பி, திருப்பிப் போட்டே முழங்கால்கள் தேய்ந்துபோயின.

உள்ளே வந்து கதிரையில் இருந்தவுடன், "டொக்டர், நான் இண்டைக்கு வருத்தம் சொல்ல வரல்ல. காட்டிட்டுப் போகத்தான் வந்தன்" என்றார்.

சொன்னதோடு நிற்காமல் எழுந்து நின்றார். குந்தினார். மேசையைப் பிடிக்காமல் மறுபடியும் எழுந்தார். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் சங்கடத்தோடு சிரித்தார். என் குளிசைகளால் ஏலாத காரியம் வேறு எதனாலோ ஏலுமாகிவிட்டது என்பதை என் மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்ற சங்கடம் அது.

நான் சந்தோசப்பட்டிருக்கலாம். ஆனால் என் கண் அவருடைய முழங்காலில் நிற்கவில்லை. முகம் பூரித்து வட்டமாகியிருந்தது. கன்னங்கள் சிவந்து பளபளத்தன. கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டிருந்தது. பிரஷர் பார்க்கக் கையை நீட்டச் சொன்னபோது முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்துக் கன்றிய இடங்கள் தெரிந்தன. எங்கேயும் அடிபட்டதா என்று கேட்டேன். இல்லையாம். கூடையை இடுப்பில் வைத்துத் தூக்கினாலே இப்படி நீலமாகிறதாம்.

பிரஷர் கூடியிருந்தது. விரல் நுனியில் குத்தி இரத்தத்தில் சீனி பார்த்தேன். அவருக்குச் சீனி வருத்தம் இருந்ததே இல்லை. இப்போது இருந்தது.

"அக்கா, என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன்.

"மருந்து ஒண்டும் இல்ல டொக்டர். சத்துதான்." சொப்பின் பேக்கைத் திறந்து வெள்ளைப் போத்தல் ஒன்றை மேசைமேல் வைத்தார். லேபலில் பெரிய பச்சை இலை. இலைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதன். நூறு வீதம் இயற்கை, உணவுச் சத்து, பக்கவிளைவு இல்லை என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதியிருந்தது. தமிழில் ஒரு வரியும் இல்லை. எந்த இலை, எவ்வளவு என்பது இல்லை. யார் செய்தது, எந்த ஊரில் செய்தது என்பது இல்லை. தொகுதி இலக்கம் இல்லை. காலாவதித் திகதி தனியாக ஒட்டிய சிறிய துண்டில் இருந்தது. நகத்தால் சுரண்டியபோது கையோடு வந்துவிட்டது.

என் தொழிலில் சில சந்தேகங்கள் வாசனை மாதிரி வரும். இலையும் வேரும் தேய்ந்த முழங்காலைச் சில நாட்களில் ஓட வைக்காது. அப்படி ஓட வைக்கக்கூடியது எது என்று எனக்குத் தெரியும். விலை குறைந்த, பலமான, ஒழுங்காகக் கொடுத்தால் உயிரையே காப்பாற்றும் ஒரு மருந்து: ஸ்டீரொயிட். அதை அரைத்து மூலிகைத் தூளோடு கலந்து கெப்சியூல் கூட்டுக்குள் அடைத்தால் எந்த நோவும் அடங்கும். வாங்கியவர் அந்தப் போத்தலைக் கும்பிடத் தொடங்கிவிடுவார்.

அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். "நம்மட உடம்பு இந்த மருந்து மாதிரி ஒண்டைத் தானே கொஞ்சம் கொஞ்சமா சுரக்குது அக்கா. வெளியில இருந்து நிறைய வந்தா உடம்பு, 'இனி எனக்கென்ன வேலை' என்டு நிப்பாட்டிடும். இப்ப நீங்க இந்தப் போத்தலையும் சட்டென்டு நிப்பாட்டினா உள்ளுக்கும் இல்ல, வெளியிலும் இல்ல. அது ஆபத்து. அதனால தூக்கி எறிஞ்சிடாதீங்க. புத்தளம் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாறன். இரத்தம் பார்த்து, கணக்கா ஒரு குளிசை தருவாங்க. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு இறக்கணும்."

அவர் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்கட மச்சாள் தந்தது டொக்டர். அவள் பொய் சொல்ற ஆள் இல்ல."

மச்சாள் என்றது அவருடைய கணவரின் தங்கை. உச்சமுனையில் முன்பள்ளி டீச்சர். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்துப் போத்தல்களை எடுப்பித்து, தீவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து வந்திருக்கிறார். வேறு யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டேன்.

"யார் சாப்பிடல்ல என்டு கேளுங்க" என்றார் அக்கா.

புத்தளத்தில் என்னோடு படித்த வைத்திய நிபுணர் ஒருவர் இருக்கிறார். அக்காவின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அவரே எனக்குப் போன் எடுத்தார். "உங்கட சந்தேகம் சரி. சுரப்பி நித்திரை. அந்தத் தீவில் இன்னும் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

பதில் வேறு வழியாக வந்தது. கடலைத் தாண்டிப் போகிற செய்தி எப்போதும் பாதிதான் கரை சேரும். நான் அக்காவிடம் சொன்னதில் 'இது ஆபத்தான போத்தல்' என்ற பாதி அவரோடு வள்ளத்தில் ஏறிப் போய்விட்டது. 'சட்டென்று நிறுத்தாதீர்கள்' என்ற பாதியை அவர் சொல்லித்தான் இருக்கிறார், ஆனால் அதற்குள் ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள். பயந்தவர்கள் போத்தலைக் களப்புத் தண்ணீரில் எறிந்தார்கள். எறிந்தவர்களில் ஒருவர் உச்சமுனையிலேயே பலமான கை என்று பேர் எடுத்த ஒரு கடற்காரர். தோள் நோவுக்காக நெடுநாளாகச் சாப்பிட்டு வந்தவர். கொஞ்ச நாளில் அவருக்கு வாந்தி, தலைச்சுற்று. வலை இழுக்கப் போனவர் வள்ளத்துக்குள்ளேயே சரிந்துவிட்டார்.

கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது பிரஷர் அடிமட்டத்தில் இருந்தது. கூட வந்தவர்கள், "டிஸ்பென்சரி டொக்டர் சொன்ன நஞ்சு போத்தலைச் சாப்பிட்டவர்" என்று சொன்னதைக் கேட்ட வார்ட் டொக்டர் உடனே எனக்கு அழைப்பெடுத்தார். தெருவைக் கடந்து ஓடினேன். நரம்பில் சேலைன் ஏற்றி, அவருடைய உடம்பு சுரக்க மறந்த அந்த மருந்தையே ஊசியாகக் கொடுத்தோம். பின்னேரம் ஆகும்போது கண்ணைத் திறந்து, "எஞ்சினை நிப்பாட்டிட்டானுகளா?" என்று கேட்டார். கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது.

அடுத்த நாள் காலையில் டீச்சர் வந்தார்.

வரிசையில் நிற்கவில்லை. நேராக என் அறைக்குள் வந்து நின்றார். நெடிய, நேர்த்தியாக உடுத்த பெண். குரல் முன்பள்ளிப் பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல்.

"உங்களிட்டயும் ஒரு அலுமாரி நிறையப் போத்தல் இருக்குத்தானே டொக்டர். அதை விக்கிறதுக்கு என்ட போத்தலை நஞ்சு என்டு சொல்லணுமா?"

அலுமாரி என் பின்னால்தான் இருந்தது. இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் டி என்று கொஞ்சம். அதை நான் வைக்கத் தொடங்கியதற்கும் காரணம் இருந்தது. என்னிடம் மருந்துத் துண்டு எழுதி வாங்கிப் போகிற தாய்மார் கடைசியில் பஸ்ஸில் விற்கிறவனிடமோ போனில் வருகிறவனிடமோ எதையாவது வாங்கி வந்து, 'டொக்டர் சொன்ன கல்சியம்' என்று காட்டினார்கள். ஆனால் டீச்சர் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. ஒருவர் விற்கிறதை இன்னொருவர் குறை சொல்லும்போது, சொல்கிறவர் என்ன விற்கிறார் என்று பார்க்கத்தான் வேண்டும்.

"ஓம், நானும் விக்கிறன்" என்றேன். "இருங்க. என்ட போத்தலையும் உங்கட போத்தலையும் பக்கத்துல வைச்சுப் பாருங்க. நான் ஒண்டும் சொல்லல்ல. நீங்களே வாசிங்க."

கல்சியம் போத்தலை எடுத்துப் பச்சை இலைப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். டீச்சர் நின்றபடியே வாசித்தார். பிறகு இருந்து வாசித்தார். ஒன்றில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று இருந்தது. செய்தவரின் விலாசம், அரசாங்கப் பதிவு இலக்கம், தொகுதி இலக்கம், அச்சடித்த திகதி, எப்படி வைக்க வேண்டும் என்பது எல்லாம் இருந்தது. மற்றதில் இலை இருந்தது.

அவர் தலையைத் தூக்கியபோது ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. வட்டமான முகம். சிவந்த கன்னம். மேலுதட்டில் மெல்லிய மயிர்.

"நீங்களும் சாப்பிடுறீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"நான் சாப்பிட்டுப் பார்க்காத சாமானை ஆக்களுக்குக் குடுக்க மாட்டன்."

"மாதத்துக்கு மாதம் ஒழுங்கா வருதா?"

அவர் கையை மெதுவாகக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். கோபம் முகத்தைவிட்டு இறங்கிய இடத்தில் வேறொன்று வந்தது. பயம் என்று நினைத்தேன். அவர் பேசியபோதுதான் அது பயமில்லை என்று தெரிந்தது.

"எந்த வீட்டுக்குக் குடுத்தன் என்டு எனக்குத் தெரியும்" என்றார். "எல்லா வீடும் தெரியும். வாறீங்களா டொக்டர்? நான் தனியப் போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க தனிய வந்தாலும் நம்ப மாட்டாங்க. ரெண்டு பேரும் போவம்."

எதிரியாக வந்தவர் போகும்போது என் கூட்டாளியாகப் போனார். இன்றைக்கும் அந்தக் காலையை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிரும்.

நான் புத்தளத்துக் களப்புக் கரையில் பிறந்து வளர்ந்தவள். நீந்தத் தெரியாது. வள்ளம் ஏறுவதென்றால் என் கைகள் வியர்க்கும். உம்மா போனில், "அந்தத் தீவுக்கு வேற டொக்டர்மார் இல்லையா மகள்?" என்று கேட்டா. இல்லை என்றேன். "அப்ப பிஸ்மி சொல்லி ஏறு" என்றா. பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி மருத்துவிச்சியான குடும்பநல மாதுவை எங்களோடு அனுப்பினார். புத்தளத்து நண்பர் யாருக்கு எவ்வளவு, எப்படிக் குறைப்பது என்று எல்லாவற்றையும் என்னோடு பேசி, தேவையான குளிசைகளையும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒழுங்குபண்ணித் தந்தார். அந்தக் கடற்காரர் இன்னும் வார்ட்டில்தான் இருந்தார். தன் வள்ளத்தையும் மகனையும் எங்களுக்கு விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாதா கோயில் முற்றத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். ஃபாதர் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நான் பேசத் தொடங்குமுன் டீச்சர் முன்னுக்கு வந்தார்.

"இந்தப் போத்தலை உங்களுக்குத் தந்தது நான்தான்" என்றார். "நல்லது என்டு நம்பித்தான் தந்தன். என்ட முகத்தைப் பாருங்க. உங்கட வீட்டுல ஆக்கள்ட முகத்தையும் பாருங்க. நாங்க கொழுக்கல்ல. வீங்கியிருக்கம். இனி டொக்டர் சொல்றதை முழுசாக் கேளுங்க. பாதியில எழும்பிப் போகாதீங்க."

ஒருவரும் எழும்பவில்லை. அவர் தப்பை மறைக்கப் பார்த்திருந்தால் அந்த முற்றத்தில் பாதி காலியாகியிருக்கும். ஒருவர் சிறுமைப்படாமல் உண்மையைச் சொன்னால் கேட்கிறவர்களும் உயர்ந்துவிடுகிறார்கள். எந்த வீட்டிலிருந்தும் ஒரு வசைச்சொல்லும் வரவில்லை.

நான் ஆபத்தைச் சொன்னேன். நிறுத்தாமல் குறைக்கிற முறையைச் சொன்னேன். கடைசி வரிசையில் நின்ற ஒரு மெலிந்த பெரியவர் கையைத் தூக்கினார்.

"அப்ப நாங்க எதைத்தான் சாப்பிடுறது டொக்டர்? உங்கட கடைச் சாமானையா?"

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கேள்விக்காகத்தான் இரண்டு நாளாக நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் மேசைக்குப் பக்கத்தில் யாரோ ஐஸ் பெட்டியில் வைத்திருந்த பாரை மீன்களைப் பார்த்ததும் தேடிய சொற்கள் எல்லாம் போய்விட்டன.

"ஐயா, நீங்க மீன் வாங்கினா எதைப் பார்ப்பீங்க?"

"நான் என்னத்துக்கு வாங்குறன்? பிடிக்கிற ஆள்."

"வாங்கினா?"

"செவுளைத் திறந்து பார்ப்பன். கண்ணைப் பார்ப்பன். எந்தக் கரையில இறங்கினது என்டு கேப்பன்."

"செவுளைப் பார்க்க விடாத யாவாரியிட்ட வாங்குவீங்களா?"

"செருப்பால அடிப்பன்" என்றார் பெரியவர்.

அதற்குப் பிறகு எனக்கு அதிகம் சொல்ல வேண்டி இருக்கவில்லை. கொண்டுவந்த கல்சியம் போத்தலையும் பச்சை இலைப் போத்தலையும் கைக்குக் கை விட்டேன். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் தாய்மாருக்கு வாசித்துக் காட்டினார்கள். உள்ளே என்ன, எவ்வளவு, யார் செய்தது, எப்போது கெடும், மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, வெயிலில் கிடந்ததா, பதிவு இலக்கம் உண்டா. எல்லா வருத்தத்துக்கும் ஒரே போத்தல் என்று எவராவது சொன்னால், விடிய முன் குணம் என்று சொன்னால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்றேன். உண்மையான சத்துக் குளிசை மெதுவாகத்தான் வேலை செய்யும். குறை இல்லாதவருக்கு அது ஒன்றுமே செய்யாது.

"என்னட்ட வாங்குங்க என்டு நான் சொல்ல வரல்ல" என்றேன். "பதிவான பாமசியில வாங்கினாலும் எனக்குச் சந்தோசம்தான். ஆனா என்னட்ட வாங்கினா எனக்கு ரெண்டு விசயம் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்டு தெரியும். நீங்க வேற என்ன மருந்து எடுக்கிறீங்க என்டும் தெரியும். பிழையாப் போனா கற்பிட்டியில என்ட கதவு எங்க இருக்கு என்டு உங்களுக்குத் தெரியும். இந்தப் பச்சை இலைக்குக் கதவு எங்க?"

அந்த மெலிந்த பெரியவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "அதுதான் சரியான கதை" என்றார். உச்சமுனையில் அதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை என்று டீச்சர் பிறகு சொன்னார்.

அன்றைக்குப் பொழுதுபடும் வரைக்கும் டீச்சரும் நானும் குடும்பநல மாதுவும் வீடு வீடாகப் போனோம். டீச்சருக்கு எல்லாம் மனப்பாடம். "இந்த வீட்டுல மாமி மட்டும். அந்த வீட்டுல புருசனும் பெண்சாதியும். இங்க பிள்ளைக்கும் குடுத்தாங்களோ என்டு எனக்குச் சந்தேகம், கேப்பம்." அப்படிக் கேட்டதால்தான் பசிக்காத மகளுக்குத் தாய் பாதிக் குளிசையின் தூளைப் பாலில் கரைத்துக் கொடுத்தது தெரிந்தது. நல்லவேளை, தொடங்கிச் சில நாட்கள்தான். எல்லோருக்கும் பிரஷர் பார்த்தோம், சீனி பார்த்தோம், யார் உடனே புத்தளத்துக்குப் போக வேண்டும், யாருக்கு இங்கேயே குறைக்கலாம் என்று பிரித்தோம். மிச்சமிருந்த போத்தல்களைச் சேர்த்து மாவட்ட உணவு மருந்துப் பரிசோதகரிடம் கொடுத்தோம். ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வர நாளெடுத்தது. வந்தபோது நாங்கள் நினைத்ததுதான். அந்தப் பச்சை இலை அதற்குப் பிறகு எங்கள் கரையில் விற்கப்படவில்லை.

ஆனால் வெற்றி அவ்வளவு சுகமாக வரவில்லை. குளிசையைக் குறைக்கக் குறைக்க நோவு திரும்பி வந்தது. முதலில் வந்த அந்தக் கருவாட்டு அக்கா ஒருநாள் என் முன்னால் இருந்து, "டொக்டர், என்னைப் பழையபடி ஆக்கிட்டீங்க" என்று சொல்லி அழுதார். அந்த அழுகைக்கு அலுமாரியில் எதுவும் இல்லை. விற்றமின் டி குறைந்திருந்தது, அதற்குக் குளிசை கொடுத்தேன். அந்த ஸ்டீரொயிட் எலும்பை அரித்திருக்கும் என்பதால் கல்சியமும் கொடுத்தேன். ஆனால், "இதால முழங்கால் நோ போகாது அக்கா, எலும்பு உடையாம இருக்கத்தான் இது" என்று தெளிவாகச் சொன்னேன். நோவுக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தோம். பிறகு நான் அவருடைய கணவரைக் கூப்பிட்டு, குந்தியிருந்து மீன் வெட்டுவதை நிறுத்தினால் ஒழிய எந்த டொக்டராலும் ஏலாது என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த முறை நான் தீவுக்குப் போனபோது அவர்கள் கருவாடு போடுகிற வாடிக் கொட்டிலில் இடுப்பளவு உயரத்தில் பலகை அடித்த நீளமான மேசை இருந்தது. பழைய வள்ளத்தின் பலகைகள். பக்கத்தில் ஒரு கதிரை. அக்கா அதில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். உலர்த்துவதற்கும் நிலத்தில் விரித்த வலைக்குப் பதிலாகக் கால் வைத்த உயரமான தட்டி கட்டியிருந்தார்கள். மற்ற வாடிகளிலிருந்து பெண்கள் வந்து பார்த்துப் போனார்கள் என்றார். கொஞ்ச நாளில் அந்தக் கரையில் குந்தியிருந்து மீன் வெட்டுகிறவர்களைக் காண்பது குறைந்தது. சீனி இறங்கியது. பிரஷர் இறங்கியது. முகம் மெலிந்து பழைய முகம் திரும்பியது. அக்கா என் படிகளில் இப்போது கம்பியைப் பிடித்துத்தான் ஏறுகிறார். ஆனால் நிற்காமல் ஏறுகிறார். அந்த ஏற்றத்துக்குக் காரணம் எது எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

டீச்சருக்கு எல்லோரையும்விட நேரமெடுத்தது. கூடுதலாகச் சாப்பிட்டவர் அவர்தான். அவருடைய சுரப்பி திரும்பவும் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்று புத்தளத்திலிருந்து செய்தி வந்த அன்று, அவர் எனக்கு ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு அனுப்பினார். பேச்சே இல்லை. முன்பள்ளிப் பிள்ளைகள் கைதட்டுகிற சத்தம் மட்டும்.

அதற்குப் பிறகுதான் புதிய போத்தலோடு ஓர் ஆள் வந்தார். நான் அன்று மாதாந்தக் கிளினிக்குக்காகத் தீவில் இருந்தேன், அதனால் என் கண்ணாலேயே பார்த்தேன். கழுத்துப்பட்டி கட்டி, சிலாபம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர். இம்முறை போத்தலில் இலை இல்லை, தேன்கூடு. துறையில் இறங்கியவுடன் சனத்தைக் கூட்டி, தமிழிலும் சிங்களத்திலுமாகப் பேச்சைத் தொடங்கினார். சீனிக்கு நல்லது, நோவுக்கு நல்லது, பிள்ளை இல்லாதவர்களுக்கு நல்லது. டீச்சர் பள்ளியிலிருந்து வந்து கூட்டத்தில் நின்றார். என்னைப் பார்த்து, 'நீங்க இருங்க' என்பதுபோலக் கையைக் காட்டினார்.

"எல்லா வருத்தத்துக்கும் இது ஒண்டுதானா?" என்று கேட்டார்.

"ஓம் மிஸ். அதுதான் இதுட விசேசம்."

"பதிவு இலக்கம் எது?"

"இது மருந்தில்ல மிஸ், உணவு. அதுக்கு அதெல்லாம் தேவையில்ல."

"உணவு என்டா நோவுக்கு நல்லது என்டு எப்படிச் சொல்லுவீங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார். "இது இயற்கை மிஸ். இயற்கையால கெடுதி வராது."

"கடல் தண்ணியும் இயற்கைதான்" என்றார் டீச்சர். "ஒரு கிளாஸ் அள்ளித் தரட்டா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் காகங்கள் கிளம்பிப் பறந்தன. அதற்குப் பிறகு கேள்விகள் டீச்சரிடமிருந்து மட்டும் வரவில்லை. கருவாட்டு அக்கா, யார் செய்தது என்று கேட்டார். ஒரு இளந்தாய், தான் பிள்ளைக்குப் பால் கொடுப்பதாகவும், தான் குடித்தால் பிள்ளைக்கும் போகுமா என்றும் கேட்டார். அந்த மெலிந்த பெரியவர் எதுவும் கேட்காமல் போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வந்தவர் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்தார், பிறகு கோபப்பட்டுப் பார்த்தார், பிறகு வந்த வள்ளத்திலேயே ஏறினார். ஒரு போத்தலும் இறங்கவில்லை. ஒருவரும் அவரை ஏசவும் இல்லை. தாகத்துக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

அந்தத் துறையில் எனக்கு அன்றைக்கு வேலையே இருக்கவில்லை. ஒரு மருத்துவருக்கு அதைவிடப் பெரிய சந்தோசம் என்னவென்று எனக்குத் தெரியாது.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை உச்சமுனைக்குப் போகிறேன். கோயில் மண்டபத்தில் கிளினிக். யார் யாருக்கு என்ன சத்துக் குறைவு என்று பார்த்து, தேவையானதை மட்டும் பெட்டியில் கொண்டுபோகிறேன். வெயில் படாமல் ஈரச் சாக்கால் மூடி, வள்ளத்தின் நிழல் பக்கத்தில் வைக்கிறோம். 'உங்களுக்கு இது வேணாம்' என்று நான் சொல்லித் திருப்பி அனுப்புகிற ஆட்களும் இருக்கிறார்கள். முதலில் அவர்களுக்குக் கோபம் வந்தது. பிறகு அதையே பெருமையாகச் சொல்லத் தொடங்கினார்கள். "டொக்டர் என்னைப் பார்த்து ஒண்டும் வேணாம் என்டுட்டா" என்று ஒரு பெண் வேலியால் எட்டி அடுத்த வீட்டுக்குச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். புத்தளத்திலிருந்தும் ஆட்கள் வர, கற்பிட்டியில் என் வரிசை நீண்டுவிட்டது. உப்பளத்து வேலையாட்கள், கடை முதலாளிமார், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய போத்தல்களைத் தூக்கிக்கொண்டு வருகிற எங்கள் முஸ்லிம் ராத்தாமார். வாங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் முன்னுக்கு வந்து கேட்கிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

போன மாதம் திரும்பி வரும்போது காற்று கொஞ்சம் கிளம்பியிருந்தது. வள்ளத்தை ஓட்டியது அன்று வள்ளத்துக்குள் சரிந்து விழுந்த அதே கடற்காரர். ஒரு கையால் எஞ்சினைப் பிடித்து, மற்றக் கையால் வலைக்கட்டைத் தன் பக்கம் இழுத்துப் போட்டார். நான் இரண்டு கையாலும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருந்தேன். அலை கொஞ்சம் தணிந்தபோது அவர் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்டார்.

"டொக்டர், மீன் எண்ணெய்க் குளிசை என்டு ஒண்டு வருதாமே. மகன் போன்ல காட்டினான். அது எனக்கு வேணுமா?"

"கிழமைக்கு எத்தனை நாள் மீன் சாப்பிடுறீங்க அண்ணன்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், மூச்சு விடுகிறீர்களா என்று நான் கேட்டதுபோல இருந்தது. "மீன் இல்லாத நாள் என்டு ஒண்டு இருக்கா?"

"அப்ப வேணாம்."

"நானும் அப்படித்தான் நினைச்சன்" என்று சொல்லிவிட்டு, எதிரே வந்த அலைக்கு வள்ளத்தின் முனையைத் திருப்பினார். "எண்டாலும் கேட்டுப் பார்க்கணும்தானே."